மருந்துத் தொட்டி இருந்த இடம்: செந்தூலில் ஒரு வார்ப்பாலை நிலம் குடியிருப்பாக மாறியது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோலாலம்பூர், செந்தூலின் ஓரத்தில், ரயில் பாதைக்கும் பழைய வரிசை வீடுகளுக்கும் நடுவே சுமார் 9 ஏக்கரில், இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் ஒரு வார்ப்பாலை இருந்தது. வட்டாரத்தில் அதற்கு ‘இரும்புக் கம்பெனி’ என்றுதான் பெயர். ரயில் பெட்டிகளுக்கான உதிரிப் பாகங்களும், வெள்ளீயம் அள்ளும் கப்பல்களுக்கான வாளிகளும் பற்சக்கரங்களும் அங்கே வார்க்கப்பட்டன. 1985 அக்டோபரில் அனைத்துலக வெள்ளீய மன்றம் நொடித்து வெள்ளீய விலை சரிந்ததும் பாதி வேலை போனது. செந்தூல் ரயில் பட்டறையின் வேலைகள் பத்து காஜாவுக்கு மாறியதும் மீதியும் போனது. அதற்கப்புறம் சில ஆண்டுகள் கிடங்காக வாடகைக்கு விடப்பட்டு, கடைசியில் நிலம் ஒரு மேம்பாட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது.

இந்த நகரத்தில் இது புதிய கதை இல்லை. பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைகள் போய் ரயில் முற்றம் வந்தது; ரயில் முற்றம் போய் 72 ஏக்கரில் கே.எல். சென்ட்ரல் வந்தது. செந்தூல் ரயில் பட்டறையை ஒட்டிய ஒரு பழைய கட்டடம் 2005 முதல் நாடக அரங்கமாக இயங்கி வருகிறது. ஆனால் அவையெல்லாம் பெரிய நிலங்கள், பெரிய பெயர்கள். நம் ஊர்களில் அதிகம் கைமாறுவது இந்த 9 ஏக்கர் மாதிரியான நிலங்கள்தான். அவற்றைப் பற்றி யாரும் எழுதி வைப்பதில்லை.

நான் இந்தத் திட்டத்தில் நகரத் திட்டமிடல் ஆலோசகர் குழுவில் வேலை செய்தேன். செந்தூலில் வளர்ந்தவன் என்பதால் வட்டார மக்களோடு பேசும் பொறுப்பும் என்னிடம் வந்தது. திட்டம் சுருக்கமாக இதுதான்: மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள், அவற்றில் ஒன்று 3 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் போகாத, ‘ரெசிடென்சி விலாயா’ என்னும் அரசின் மலிவு வீட்டுத் திட்ட வீடுகள், கீழ்த்தளத்தில் கடைகள், சிறு அலுவலகங்கள், ஒரு மழலையர் பள்ளி, பழைய இயந்திரக் கூடம் மட்டும் இடிக்கப்படாமல் சந்தையாக மாறும். நடுக் கட்டடத்தின் கீழே இரண்டு தளத்துக்கு நிலத்தடி கார் நிறுத்துமிடம்.

நிலத்தில் முதலில் கண்டது

தொழிற்சாலை நிலத்தில் வீடு கட்டும் முன் மண்ணைச் சோதிக்க வேண்டும். சுற்றுச்சூழல் துறை 2009இல் வெளியிட்ட மாசுபட்ட நில வழிகாட்டிகள் இதற்கு இரண்டு படிகளைச் சொல்கின்றன. முதலில் பழைய வரைபடம், உரிமம், படம், பேச்சு எல்லாவற்றையும் வைத்து அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது. பிறகு துளையிட்டு மாதிரி எடுப்பது. முதல் படிக்கு எங்களுக்குக் கிடைத்தது மூன்று பழைய வரைபடங்களும் ஒரு தீயணைப்புத் திட்டமும்தான். மூன்று வாரத்தில் அது முடிந்தது. பேச்சு என்ற பகுதியில், நிலத்தை விற்ற கம்பெனியின் கணக்காளரிடம் ஒரு மணி நேரம் பேசிய குறிப்பு மட்டும் இருந்தது. அவர் ஒருநாள்கூட உலைப் பக்கம் வேலை செய்தவர் இல்லை.

அடுத்து 30 மீட்டருக்கு ஒன்று என்று கட்டம் போட்டு 40 துளைகள். வார்ப்பு மணல் கொட்டிய மூலையில் காரீயம் அதிகம். ரயில் சக்கர அச்சுத் தாங்கிகளில் ஊற்றும் வெள்ளை உலோகத்தில் காரீயம் சேர்வதால் அது எதிர்பார்த்ததே. புதைந்து கிடந்த ஒரு டீசல் தொட்டியைச் சுற்றி எண்ணெய். கூடத்தின் கூரை ஆஸ்பெஸ்டாஸ். இவை மூன்றுக்கும் வழி தெரியும், செலவும் கணக்கில் இருந்தது. “நிலம் நினைத்ததைவிடச் சுத்தம்” என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். வடகிழக்கு மூலையில் ‘ஸ்டோர்’ என்று வரைபடத்தில் குறித்திருந்த அறையின் பக்கம் விழுந்த இரண்டு துளைகளிலும் ஒன்றும் இல்லை. அந்த மூலைக்குத்தான் மழலையர் பள்ளி ஒதுக்கப்பட்டிருந்தது. மரம் இருந்தது, சத்தம் குறைவு, காலை வெயில் வரும்.

முனீஸ்வரர் ஏன் இடம் மாறினார்?

வாசல் பக்கத்தில், சுவரோடு ஒட்டி, ஒரு முனீஸ்வரர் கோயில் இருந்தது. ஆள் உயரத்துக்குத் தகரக் கூரை, ஒரு வேல், இரண்டு அரிவாள், ஒரு கல். தொழிலாளர்கள் வைத்தது. ஆலை மூடிய பிறகும் பக்கத்து வரிசை வீட்டு அக்கா ஒருவர் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றி வந்தார். புது வாசல் அகலமாக வேண்டும் என்பதால் கோயிலை நகர்த்தலாமா என்று கேட்கப் போனேன். நகர்த்துவதென்றால் எந்தப் பக்கம் பொருத்தம் என்று பேச்சு வந்தபோது, வடகிழக்கு மூலை மரத்தடியைச் சொன்னேன்.

“அங்க வேணாம் தம்பி. சாமி முன்ன அங்கதான இருந்துச்சு. எங்க அப்பா காலத்துலதான் இங்க கொண்டாந்தாங்க.”

ஏன் என்று கேட்டேன். அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. “பூசைக்கு நின்னா தலை சுத்துதுன்னு சொல்லுவாங்க. சாமிக்கு அந்த இடம் ஆகலைன்னாங்க” என்றார். அந்த வட்டாரத்தில் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டதற்கு, உடனே நான்கு பேரைச் சொன்னார். ஒருவர் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார்.

அவர் அச்சு வேலைக்காரர், வார்ப்புக்கு மணல் அச்சு செய்பவர். பதினெட்டு வயதில் சேர்ந்து ஆலை சுருங்கும் வரை இருந்தவர். மகன் குடை பிடிக்க, கைத்தடியோடு நிலத்துக்கு வந்தார். இடித்த தரையில் சுவர்களே இல்லாதபோதும் அவர் சுவர்களைச் சுற்றித்தான் நடந்தார். உலை இருந்த இடத்தில் வளைந்து போனார், கதவு இருந்த இடத்தில் திரும்பினார். ‘ஸ்டோர்’ வந்ததும் நின்றுவிட்டார்.

“இது ஸ்டோர் இல்ல தம்பி. இங்கதான் மருந்துத் தொட்டி. சாமான மெஷின்ல போடுறதுக்கு முன்ன கிரீஸ் போக இதுல முக்கி எடுப்போம். வாசம் இனிப்பா இருக்கும். கொஞ்ச நேரம் நின்னா போதை மாதிரி ஆயிடும். மண்டோர் பாத்துட்டு மரத்தடியில போய் நில்லுன்னு அனுப்புவார்.”

பழைய மருந்தை எங்கே ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். கைத்தடியால் தரையில் ஒரு கோடு இழுத்தார். சுவருக்கு வெளியே, மரத்துக்கும் பழைய காணுக்கும் (வடிகாலுக்கும்) நடுவே, ஒரு குழி. அடியில் கருங்கல் சல்லி போட்டது, ஊற்றினால் நின்ற இடத்திலேயே உறிஞ்சிவிடும் என்றார். எங்கள் 40 துளைகளில் மிக அருகில் இருந்தது அந்தக் குழியிலிருந்து 14 மீட்டர் தள்ளி இருந்தது.

இனிப்பு வாசம், கிரீஸ் எடுப்பது, தலைசுற்றல் மூன்றையும் கேட்டதும் மண் பரிசோதனைப் பொறியாளர் டிரைகுளோரோஎத்திலீனாக இருக்கும் என்றார். உலோகப் பட்டறைகளில் நெடுங்காலம் புழங்கிய கரைப்பான் அது. தண்ணீரைவிடக் கனமானது. எண்ணெய் போல நிலத்தடி நீரின் மேல் மிதக்காமல், கீழே கீழே இறங்கிப் பாறையில் போய் உட்காரும். அங்கிருந்து ஆண்டுக்கணக்கில் நீரில் கரையும். ஆவியாகி மண் வழியே மேலே ஏறி, தரை வெடிப்புகளின் வழியாக மூடிய அறைக்குள் சேரும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் இதை வகைப்படுத்தியது. அதன் மேல்தான் மழலையர் பள்ளி கட்ட வரைபடம் போட்டிருந்தோம். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கை நடுங்கியது.

முடிவுகளும் காரணங்களும்

பெரியவர் காட்டிய இடத்தில் முதலில் 4 துளைகள் போடப்பட்டன. நான்கிலும் கரைப்பான் இருந்தது. பிறகு 11 துளைகள், நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க. அது நடுக் கட்டடத்தின் பக்கம் ஓடியது.

மேம்பாட்டு நிறுவனத்தின் திட்ட மேலாளர் முதலில் எதிர்த்தார். அவர் கெட்டவர் இல்லை. வங்கிக் கடன் வட்டி ஓடிக்கொண்டிருந்தது, திட்ட வரைவை மாநகர் மன்றத்தில் கொடுக்க ஆறு வாரம்தான் இருந்தது. தரைக்கு மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு மூடிவிட்டு வரைபடத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. குழந்தைகளைப் பற்றி நாங்கள் சொன்னதை அவர் மறுக்கவில்லை. விரிப்பே போதும் என்று நம்பினார்.

அவர் மனதை மாற்றியது நிலத்தடி கார் நிறுத்துமிடம். இரண்டு தளம் தோண்ட வேண்டுமானால் மாதக்கணக்கில் நிலத்தடி நீரை இறைக்க வேண்டும். இறைக்கும் பக்கம்தான் நீர் வரும். நீரோடு கரைப்பானும் வரும். மூலையில் கிடப்பதை நாமே நடுக் கட்டடத்தின் அடிக்கு இழுத்துவிடுவோம். அதோடு கோலாலம்பூரின் பல பகுதிகளைப் போலவே இந்த நிலத்தின் அடியிலும் சுண்ணாம்புப் பாறை. அதில் பொந்துகளும் வெடிப்புகளும் உண்டு. நீரை அளவுக்கு மீறி இறைத்தால் மேல் மண் உள்வாங்கி, பக்கத்து வரிசை வீடுகளின் சுவர் பிளக்கும். பொறியாளர் இதை ஒரு வெள்ளைத் தாளில் வரைந்து காட்டியதும் திட்ட மேலாளர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “சரி, பேஸ்மெண்ட் வேண்டாம்” என்றார்.

அந்த ஒரு முடிவிலிருந்து மற்றவை வந்தன. கார்கள் தரைக்கு மேல் நான்கு தளத்துக்குப் போயின. அதனால் கட்டடம் உயர்ந்தது, சில வீடுகள் குறைந்தன. குழியும் தொட்டியும் இருந்த மண்ணை முழுதாகத் தோண்டி எடுப்பது, பாறைக்கு இறங்கியதைச் சில கிணறுகள் வழியாகச் சிகிச்சை செய்வது, மேலே மூடிய கட்டடம் எதுவும் கட்டாமல் திறந்த வெளியாக விடுவது என்று தீர்மானமானது. மழலையர் பள்ளி வாசல் பக்கத்தில், கிராணிமார் (எழுத்தர்கள்) உட்கார்ந்த பழைய அலுவலகம் இருந்த இடத்துக்கு மாறியது. அங்கே மறுபடியும் மண் சோதித்தோம், சுத்தமாக இருந்தது. கோயில் நகர்த்தப்படவில்லை. வாசல் பாதை அதற்காக இரண்டு மீட்டர் வளைந்தது.

மழைநீர் விஷயத்தில் வழக்கத்துக்கு மாறாகச் செய்ய வேண்டியிருந்தது. மழைநீரை முடிந்தவரை மண்ணுக்குள் இறங்க விடுவது நல்லது என்பதுதான் பொதுவான வழி. இங்கே அது கரைப்பானை இன்னும் கீழே தள்ளும். ஆகவே வடகிழக்குப் பக்கத்தில் மட்டும் அடியும் பக்கமும் மூடிய தேக்கத் தொட்டி கட்டி, நீரைப் பிடித்து வைத்து மெதுவாகக் காணுக்கு விட்டார்கள்.

இன்னொன்று திட்டத்தின் எந்த வரவு செலவிலும் இல்லாதது. மருந்துத் தொட்டியில் வேலை செய்தவர்கள் ஆறு பேர் அந்த வட்டாரத்தில் உயிரோடு இருந்தார்கள். தொட்டியில் இருந்தது என்ன என்று இத்தனை ஆண்டுகளில் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. பொறியாளரும் நானும் ஆளுக்கொரு பக்கம் எழுதிக் கொடுத்தோம்: பொருளின் பெயர், எத்தனை ஆண்டுகள் புழங்கினார்கள், சிறுநீரகத்தையும் ஈரலையும் கவனிக்கச் சொல்லி மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் தொழில்சார் நோய்க்கு மனுச் செய்யும் வழியும் அதில் இருந்தது. அச்சு வேலைக்காரப் பெரியவர் அந்தத் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “இப்பவாவது பேர் தெரிஞ்சுச்சே” என்றார்.

வேலை நடந்த காலம்

மண் தோண்டியது 2019 ஜூனிலும் ஜூலையிலும். கோலாலம்பூரில் மழை குறைவான மாதங்கள் அவை. குழியின் மேல் தற்காலிகக் கூரை போட்டு, மாலையில் தார்ப்பாய் மூடி, எடுத்த மண்ணை 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளின்படி உரிமம் உள்ள இடத்துக்கு அனுப்பினார்கள். ஆறு மீட்டர் ஆழத்தில் கருங்கல் சல்லி தெரிந்தது, பெரியவர் சொன்ன அதே சல்லி. மொத்தத் தாமதம் ஐந்து மாதம்.

இயந்திரக் கூடத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை நனைத்து நனைத்துக் கழற்றப்பட்டது. அடியில் ரிவெட் அடித்த இரும்பு உத்தரங்கள் நல்ல நிலையில் இருந்தன. சிலவற்றில் ‘டார்மன் லாங்’ என்ற ஆங்கிலேய எஃகு ஆலையின் பெயர் புடைப்பாகத் தெரிந்தது. மேலே ஓடிய பாரந்தூக்கியை அப்படியே விட்டார்கள்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாம் நின்றது. அதற்குப் பிந்திய மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேலை மெதுவாகத் தொடர்ந்து முடிந்தது.

குடிவந்த பிறகு

வீடுகள் நிரம்பின. மழலையர் பள்ளி முதல் ஆண்டிலேயே நிரம்பியது. திறந்தவெளியில் சாயங்காலம் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். ரெசிடென்சி விலாயா வீடுகளில் பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு இடம் கிடைக்கும் என்று நாங்கள் நம்பினோம். மனுச் செய்த பல பிள்ளைகளுக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை. நிரந்தரச் சம்பளச் சீட்டு இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். எனக்குத் தெரிந்து மூன்று குடும்பங்கள்தான் வந்தன. விலையை மட்டும் குறைத்தால் போதும் என்று நினைத்தது எங்கள் தவறு.

பழைய சுவருக்கு வெளியே கடை வைத்திருந்தவர்கள் கூடத்துக்குள் பத்தடிக்குப் பத்தடிக் கடைகளாக வந்தார்கள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரரும் மாலை கட்டும் அம்மாவும் முடிதிருத்துபவரும் தங்கினார்கள். மோட்டார் சைக்கிள் பழுதுபார்த்தவருக்கு மட்டும் சத்தம், எண்ணெய் என்று அனுமதி மறுக்கப்பட்டது. அவர் வாடிக்கை முழுதும் செந்தூலில். கடை கோம்பாக் பக்கம் போனது. இத்தனை ஆண்டுகள் இரும்பு அடித்த நிலத்தில் ஒரு ஸ்பேனருக்கு இடம் தராமல் போனது எனக்கு இன்றும் உறுத்துகிறது. கூடத்தின் பின்புறம், சுவர் தடித்த ஒரு மூலை அவருக்கு ஒதுக்கியிருக்க முடியும்.

பெரிய சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. வரிசை வீடுகளிலிருந்து கூடம் வழியாக ரயில் நிலையம் போக ஒரு பக்கவாசல் வைத்திருந்தோம். கடைகள் பிழைப்பதே அந்த வழியில் நடப்பவர்களால்தான். குடிவந்த இரண்டாம் ஆண்டு, பாதுகாப்பு என்று சொல்லி, குடியிருப்பின் கூட்டு நிர்வாகக் குழு மாலை ஏழு மணிக்கு அதைப் பூட்டத் தொடங்கியது. அந்தப் பாதை மாநகர் மன்றத்துக்கு ஒப்படைக்கப்படாமல் குடியிருப்பின் பொதுச் சொத்தாகவே பதிவாகியிருந்தது. 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி உடைமை) நிர்வாகச் சட்டப்படி பொதுச் சொத்தைப் பார்த்துக்கொள்வது குழுவின் பொறுப்பு. பூட்ட அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. ஏழு மணிக்கு மேல்தான் இரவுச் சாப்பாட்டு வியாபாரம். நான்கு மாதத்தில் மூன்று கடைகள் மூடின.

விளக்கேற்றும் அக்காதான் இதிலும் முன்னால் நின்றார். வரிசை வீட்டு ஆட்களையும் புதுக் குடியிருப்பாளர்கள் சிலரையும் கோயிலடியில் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டினார். மாடியில் குடியிருக்கும் ஒரு தாதி, இரவு வேலை முடிந்து நிலையத்திலிருந்து சுற்று வழியில் தனியாக நடப்பதைச் சொன்னார். பூட்டியதால் பாதுகாப்பு குறைந்தவர்களும் உள்ளே இருந்தார்கள் என்பது குழுவுக்கு அன்றுதான் தெரிந்தது. வாசலை இரவு பத்து மணி வரை திறப்பது என்றும், ஒரு காவலரை அங்கே நிறுத்துவது என்றும் பொதுக்கூட்டத்தில் முடிவானது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

துளை போடும் முன் வேலை செய்தவர்களைத் தேட வேண்டும். சட்டப்படியான அறிவிப்பு பக்கத்து நில உரிமையாளர்களுக்குத்தான் போகும். நிலத்தை அறிந்தவர்கள் வாடகை வீட்டில் இருப்பார்கள், அவர்களுக்கு எந்தக் கடிதமும் வராது. எங்களுக்கு அந்தப் பேச்சு அமைந்தது கோயிலை நகர்த்தும் யோசனையால். அந்த அக்கா சரி என்று சொல்லியிருந்தால் பள்ளியை அங்கேயே கட்டியிருப்போம். இப்போது நான் சேரும் எந்தத் திட்டத்திலும் முதல் மாதமே ஓய்வுபெற்றவர்களை நிலத்துக்கு அழைத்துப் போய் நடக்க வைக்கிறோம், நடந்த நேரத்துக்குக் கூலியும் கொடுக்கிறோம். மேசையில் வரைபடத்தை விரித்துக் கேட்டால் அவர்களுக்கு அவ்வளவாக நினைவு வருவதில்லை. கால் பட்டால் வருகிறது.

வரைபடத்தில் ‘ஸ்டோர்’ என்று இருந்தால், ஸ்டோரில் என்ன இருந்தது என்று எழுதும் வரை அந்த அறிக்கையை முடிக்க விடக்கூடாது.

பொது வழியாக நினைத்த பாதையை, வீடுகள் விற்பதற்கு முன்பே பொது வழியாக ஒப்படைத்திருக்க வேண்டும். பராமரிப்புச் செலவு யாருடையது என்ற வாக்குவாதத்தைத் தவிர்க்க நாங்கள் அதைத் தள்ளிப்போட்டோம்.

வடகிழக்கு மூலையில் ஐந்து கண்காணிப்புக் கிணறுகள் இருக்கின்றன. புல்லோடு புல்லாகத் தெரியும் இரும்பு மூடிகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீர் எடுக்கிறார்கள். நான்கில் அளவு குறைந்து வருகிறது, ஒன்றில் ஏறி இறங்குகிறது. பக்கவாசலைப் பத்து மணி வரை திறக்கும் தீர்மானம் ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் மறுபடி வாக்கெடுப்புக்கு வருகிறது. கடந்த முறை ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.